அகராதி பிடித்தவள்

ஜெயசித்ராவுக்கு அந்தப் பெயரை முதலில் வைத்தவர் அவளுடைய அப்பா. ஏழாம் வகுப்பில் அவள் சைக்கிள் கேட்டபோது, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சைக்கிளு?" என்றார். "ஓட்டுறது யாருன்னு சைக்கிளுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டுவிட்டாள். "அகராதி புடிச்ச கழுத!" என்றார். சைக்கிள் வரவில்லை, பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி மம்சாபுரம் வந்தால் அது தொலையும் என்று நினைத்தாள். வந்த வாரமே மாமியார் ஆவுடையம்மாள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அதே சொல்லால் அவளை ஏசினாள்.

இதில் எரிச்சல் என்னவென்றால், ஜெயசித்ரா தமிழில் எம்.ஏ. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. அகரத்தை ஆதியாகக் கொண்டது அகராதி என்று வருடா வருடம் போர்டில் பிரித்து எழுதிக் காட்டுகிறவள். முற்காலத்தில் சொல்லுக்குப் பொருள் சொல்லும் நிகண்டுகள் பாட்டாகவே இருந்தன, இலக்கியம் படிக்கிறவன் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகுதான் 'அ'வில் தொடங்கிச் சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கினார்கள், அடுக்கிய முறையே புத்தகத்துக்குப் பெயராகிவிட்டது என்று விளக்குவாள். அலமாரியில் சிவனே என்று கிடக்கும் அந்தப் புத்தகம், வாயாடிக்கும் திமிர் பிடித்தவளுக்கும் எப்படிப் பட்டமானது? அதை மட்டும் யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

அகராதியிலேயே 'அகராதி'யைத் தேடினாள். 'ஆணவம், பேச்சு வழக்கு' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருந்தார்கள். மூத்த ஆசிரியர் தவசிமுத்துவிடம் கேட்டாள்.

"எதைக் கேட்டாலும் அதுல ஒரு பதில் இருக்கும்லா டீச்சர்? அதனால இருக்கும்."

"இருக்கும்னா எப்படி சார்? ஆதாரம் வேண்டாமா?"

"இதைத்தான் டீச்சர்…" என்று தொடங்கியவர், மீதியை விழுங்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

போன ஆவணியில் வீட்டு கிரைண்டரின் பெல்ட் அறுந்தது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவன் வினோத்துக்கு மில்லில் ஷிப்ட். ஆகவே மாமியாரும் மருமகளும் கிரைண்டரைச் சாக்குப்பையில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, ராஜபாளையத்தில் வாங்கிய கடைக்கே கொண்டுபோனார்கள்.

"வாரண்டி மோட்டாருக்குத்தாம்மா. பெல்ட்டுக்குக் கெடையாது" என்றார் கடைக்காரர் பாண்டிதுரை, செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஜெயசித்ரா வாரண்டி அட்டையைப் படித்தாள். "'மோட்டாரும் அதனைச் சார்ந்த பாகங்களும்'னு போட்டிருக்கீங்க. சார்ந்தன்னா என்ன அர்த்தம்? பெல்ட்டு மோட்டாரைச் சாராம வேற யாரைச் சார்ந்திருக்கு? உங்களையா?"

குக்கர் பார்த்துக்கொண்டிருந்த யாரோ சிரித்தார்கள். பாண்டிதுரைக்கு முகம் சிவந்தது.

"நல்ல அகராதி புடிச்ச பொம்பளையா இருக்கியே!"

இங்கேயுமா என்று ஜெயசித்ராவுக்கு வெறுத்துப்போயிற்று. அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஏலே, யாரப் பாத்து அகராதிங்க? எம் மருமவள நான் சொல்லுவேன். நீ யாருல சொல்லுததுக்கு? அவ டீச்சரு! கேட்டதுக்குப் பதில் சொல்லு. சார்ந்தன்னா என்னலே அர்த்தம்?"

ஆவுடையம்மாளின் குரலுக்குத் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பாண்டிதுரை புது பெல்ட்டை எடுத்து மாட்டிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜெயசித்ராவால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க மட்டும் சொல்லலாமாக்கும்?"

"பொறவு? இல்லாததையா சொல்லுதேன்?"

"அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற அத்தை. அகரம்னா…"

"ஏட்டி, செத்த நேரம் சும்மா வா. பஸ்ஸுல பாடம் எடுக்காத, தல கிறுகிறுங்குது."

ஜெயசித்ரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் வாசலில் எதிர்வீட்டுக்காரியிடம் ஆவுடையம்மாள் கதையை விரித்தாள். எம் மருமவ கேட்ட கேள்வியில் கடைக்காரனுக்குக் கை நடுங்கிற்றாம், கையெடுத்துக் கும்பிட்டானாம்.

"கும்பிடல்லாம் இல்ல அத்தை!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் ஜெயசித்ரா.

"பாத்தியா, வந்துட்டா!"

ஜெயசித்ரா ஊறிய உளுந்தை கிரைண்டரில் கொட்டி, சுவிட்சை வேகமாகத் தட்டினாள்.