கதவை அடைத்து வறுத்த இறால்

காய்ந்த மிளகாயைக் கிள்ளிச் சூடான எண்ணெயில் போட்டதும் வரும் காரம் முதலில் மூக்கில் ஏறாது. தொண்டையைத்தான் பிடிக்கும். பெரம்பலூரில் அந்த மொட்டைமாடி அறையில் நானும் செல்வமும் அப்படித்தான் இருமிக்கொண்டிருந்தோம்... ஜன்னல்களைச் சாத்தி, கதவின் அடியில் ஈரத் துண்டைச் சொருகி.

வாசம் வெளியே போகக் கூடாது. வீட்டு ஓனர் போட்ட கண்டிஷன் அப்படி.

"கவுச்சி மட்டும் ஆகாது தம்பி. மத்தபடி உங்க இஷ்டம்."

தலையாட்டி வைத்தோம். அதற்கு முன் பார்த்த வீடுகளில் எல்லாம் 'சொல்லி அனுப்புறோம்' என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. ஆஸ்பத்திரி பில்லிங்கில் வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு இந்த அறையும் போனால் பஸ் ஸ்டாண்டுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓனர் குடும்பம் துறையூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தது. ஆனால் அக்கம்பக்கத்து மூக்குகள் ஊரில்தான் இருந்தன. செல்வம் ஊருக்குப் போய்விட்டு வந்தவன், அணைக்கரையில் வாங்கிய கொள்ளிடத்து இறாலைத் தூக்குவாளியில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்திருந்தான். மீன்சுருட்டியிலிருந்து பஸ் மாறி மாறி, மடியிலேயே வைத்தபடி.

இறாலில் ஒரு வசதி. கறி மாதிரி வேகும்வரை காத்திருக்க வேண்டாம். உரித்து, முதுகு நரம்பை எடுத்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் புரட்டி வைத்தால் போதும். சோம்பு, தட்டிய பூண்டு, நிறைய சின்ன வெங்காயம். வதங்கியதும் இறாலைப் போட்டு, சுருண்டதும் இறக்கிவிட வேண்டும். திருட்டுச் சமையலுக்கென்றே பிறந்த ஜீவன்.

ஆனால் அடைத்த அறையில் மிளகாயைத் தாளித்த முட்டாள்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

"டேய், கண்ணு போச்சுடா. கதவத் தொற," என்றான் செல்வம்.

திறந்தேன். படியில் ஓனர் இருமிக்கொண்டே நின்றார். பந்தி முடிந்ததும் கிளம்பிவிட்டார்களாம்.

"என்ன தம்பி, மீனா?"

"எறாலுங்க," என்றான் செல்வம். மறைக்க என்ன இருக்கிறது.

அவர் திட்டவில்லை. உள்ளே வந்து சட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஆத்து எறாலா? தக்காளி போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க."

"போடாதீங்க. தண்ணி விட்டுரும். மொளகு கொஞ்சம் தட்டிப் போடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவுச்சி ஆகாத மனுஷன் சொல்கிற பக்குவமா இது... செல்வம் தட்டில் கொஞ்சம் அள்ளி நீட்டினான்.

"சாப்ட்டுப் பாருங்க சார்."

கை தட்டுவரை வந்தது.

"எங்க வாங்குனது?"

"அணைக்கரைங்க. எனக்கு மீன்சுருட்டி."

"மீன்சுருட்டில எந்தத் தெரு?"

செல்வம் தெருவின் பெயரைச் சொன்னான்.

கை திரும்பிப் போனது. எதையும் தொடாத விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மாசக் கடைசில காலி பண்ணிடுங்க. கவுச்சி ஆகாதுன்னு அப்பவே சொன்னேன்ல."

அவர் இறங்கிப் போனதும் கேட்டேன். "வேற ஏதாவது தெருவச் சொல்லியிருக்கலாம்லடா."

"எதுக்கு? எங்கப்பா அம்மா அங்கதான இருக்காங்க. நீ சோத்தப் போடு."

சாப்பிட்டோம். காரம் சரியாகத்தான் இருந்தது.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது இறால் உரித்தே கிடைக்கிறது. நரம்பு எடுக்கிற வேலைகூட இல்லை. வீட்டு புரோக்கர்கள் 'வெஜ்ஜா, நான்வெஜ்ஜா சார்?' என்று போனிலேயே கேட்கிறார்கள். நான்வெஜ் என்றால், 'பிரச்சினை இல்ல சார், பூர்வீகம் எது?' என்கிறார்கள். மரியாதை மட்டும் கூடியிருக்கிறது.

செல்வம் அரியலூரில் வீடு கட்டிவிட்டான். மாடி போர்ஷன் வாடகைக்கு. போன வாரம் பேசும்போது கேட்டேன்.

"வர்றவங்ககிட்ட என்னடா கேப்ப?"

"டேங்க் ரொம்புனா மோட்டார நிறுத்துவீங்களான்னு கேப்பேன். வேற என்ன கேக்கணும்?"