கிரேஸ் கையெழுத்துப் போடாத மூன்றாவது தளம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கிரேஸுக்குத் தரப் பரிசோதனை வேலை. அளந்து பார்க்காத பொருளுக்குப் பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அவர் கையெழுத்துப் போட்டதில்லை. கணவர் இம்மானுவேல் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அத்திப்பட்டில் வாடகைக்கு இருந்த இருவரும், மீஞ்சூரில் கட்டத் தொடங்கியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள்.

"முழுப் பணத்தையும் இப்பவே கட்டிட்டீங்கன்னா மாடுலர் கிச்சன் ஃப்ரீ மேடம். இந்த மாசம் மட்டுந்தான்" என்றார் பில்டர் அலுவலகத்தில் இருந்த பெண்.

இம்மானுவேலுக்கு ஆசை. வெளியே வந்ததும், "உன் பி.எஃப். பணத்தையும் எடுத்துக் கட்டிடலாம் கிரேஸு" என்றார்.

"ஊடே இன்னும் தரைக்கு மேல வரல. கிச்சனை எங்க மாட்டுவாங்களாம்?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பில்டர் அலுவலகத்தார் தட்டிக்கழித்த ஒப்பந்தத்தை, கிரேஸ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வைத்தார். ஒவ்வொரு தளமும் எழும்பிய பிறகே, தன் கையெழுத்தைப் பார்த்துத்தான் கடன் பணத்தை விடுவிக்க வேண்டும் என்று வங்கியில் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது தளம் போட்டாயிற்று, பணம் அனுப்பவும் என்று கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே போய்ப் பார்த்தார். பலகை அடித்திருந்தார்கள். கம்பி கட்டியிருந்தார்கள், அதுவும் துருப்பிடித்திருந்தது. கான்கிரீட் இல்லை.

"அடுத்த வாரம் வந்துடும்மா. மத்தவங்கல்லாம் கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்றார் மேற்பார்வையாளர் சந்திரமோகன்.

"வரட்டும் சார். வந்த மறுநாளே நானும் போட்டுத் தர்றேன்."

போட்டோ எடுத்துக்கொண்டுபோய் வங்கியில் காட்டிப் பணத்தை நிறுத்தினார். "உன்னால நம்ம ஊடு மட்டும் லேட்டாவப் போவுது" என்று இம்மானுவேல் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கான்கிரீட் வரவேயில்லை. ஐந்து மாதம் கழித்து நாளிதழில் அறிவிப்பு வந்தது. கட்டுமான நிறுவனம் திவால். தீர்ப்பாயம் ஒரு நிர்வாகியை நியமித்திருக்கிறது. வீடு வாங்கியவர்கள் குறித்த தேதிக்குள் ஆதாரத்தோடு உரிமை கோர வேண்டும். தொண்ணூற்றிரண்டு குடும்பங்கள் இருந்த வாட்ஸ்அப் குழு கொதித்தது. பொறுத்திருப்போம், மனு போட்டால் முதலாளிக்குக் கோபம் வரும் என்றுகூடச் சிலர் எழுதினார்கள். கிரேஸ் சாப்பாட்டு இடைவேளையில் அறிவிப்பிலிருந்த எண்ணுக்குப் பேசி, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேட்டுக் குழுவில் போட்டார்.

மறுவாரம் மீஞ்சூர் ஸ்டேஷனில் ஆதிகேசவனைப் பார்த்தார். மகளுக்காக நெல் வயலை விற்று, அதே குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு முழுப் பணமும் கட்டியவர் அவர். கையில் ஃபைல்.

"எங்கணா கிளம்பிட்டீங்க?"

"சந்திரமோகன் வரச் சொன்னாம்மா. அசல் ஒப்பந்தப் பத்திரத்த குடுத்தா கட்டுன பணத்துக்கு செக்கு தர்றானாம். மூணு மாசம் கழிச்சிப் போட்டுக்கலாமாம்."

"கம்பெனி கணக்கே இப்ப நிர்வாகி கையிலதான் கீது. அந்த செக்கு எப்டிணா பாஸாவும்? பத்திரத்தையும் குடுத்துட்டா, ஊடு உங்களுதுன்னு காட்ட இன்னா இருக்கும்?"

ஆதிகேசவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நெலம் வித்த டப்பும்மா. பாதிய கையில குடுத்தேன். ரசீதுகூட வாங்கல."

மறுநாள் கிரேஸ் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு வங்கிக்குப் போனார். காசோலையாகக் கொடுத்த பாதிக்குக் கணக்கு விவரம் கிடைத்தது. மற்ற பாதிக்கு ஒரு துண்டுத் தாளும் இல்லை. வீண் நம்பிக்கை கொடுக்க கிரேஸுக்கு மனம் வரவில்லை. "அதுக்கு வழியில்லணா. இருக்கறத எழுதுவோம்" என்றார்.

அதன்பின் மூன்று ஞாயிறு சர்ச்சுக் கூடத்தில் மேசை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தார். ஜெராக்ஸ் கடைக்கும் கூடத்துக்கும் நடந்தது, முன்பு கோபித்துக்கொண்ட இம்மானுவேல்தான். வீடு வாங்கியவர்களில், செவ்வாப்பேட்டையில் இருந்த அஞ்சம்மாள் மட்டும் வரவில்லை. கணவர் இறந்தபின் அவருக்கு எந்தத் தகவலும் போகவில்லை. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு கிரேஸ் ரயில் மாறிப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதும்மா. எல்லாம் அவருதான் பாத்துக்கினு இருந்தாரு."

பீரோவில் சேலைகளுக்கு அடியில் பத்திரம் இருந்தது. கிரேஸ் அன்றே படிவத்தை அனுப்பினார்.

குடியிருப்பு நிலத்தை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்றது நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த வங்கி. வீடு வாங்கியவர்கள் ஒரே முகமாக, கட்டி முடிக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள். வேறொரு பில்டர் வந்தார். கிரேஸின் கடனில் மூன்றாவது தளம் முதலான பணம் இன்னும் வங்கியிலேயே இருந்தது. அதை வேலை நடக்க நடக்கக் கொடுத்தார். ஆதிகேசவன், ரசீதில்லாமல் கையில் கொடுத்த பாதியை மறுபடியும் புரட்ட வேண்டியதாயிற்று. மூன்று வருடத் தாமதம், அத்தனை மாத வாடகை, வட்டி எல்லாம் எல்லோருக்கும் நஷ்டம்தான். ஆனாலும் சாவி கைக்கு வந்தது.

அஞ்சம்மாள் தன் வீட்டை ஓர் இளம் தம்பதிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அதுதான் அவருக்குச் சாப்பாடு. மாதம் பிறந்தால் செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து வாடகையை வாங்கிக்கொள்வார். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி, கிரேஸ் வீட்டுக் கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே பாய் விரித்துப் படுத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்புவார்.