ரப்பர் கொட்டை நட்சத்திரம்

எங்கள் அத்தை கான்ஸ்டன்ஸுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று வந்ததில் தப்பே இல்லை.

மலாயாவில் அவசரகாலம்; காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே ராணுவம். கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில், முள்கம்பி வேலிக்குள் குடியிருப்பு. தோட்டத்து எழுத்தரான கிராணியின் மகள் அத்தை, சிங்கப்பூரில் வேதியியல் படித்துத் திரும்பியிருந்தார். கோலாலம்பூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலைக்கு நேர்முகம். நட்சத்திர வடிவ மூலக்கூறு ஒன்றை எப்படி உருவாக்குவது என்று விளக்க வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் தாத்தா பார்த்து வைத்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

ரப்பர் கொட்டைகளை அணுக்களாக வைத்து, ரப்பர் பாலால் ஒட்டி ஒரு மாதிரி செய்தார். நடுவில் ஆறு கொட்டை வளையம். அதில் ஒன்றுவிட்டு ஒன்றில், கைகளாக இன்னும் மூன்று வளையங்கள். நடு வளையத்தைச் செய்துகொண்டு கைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் அவர் தயாரித்திருந்த முறை. மூன்றாவது கை சேர்வதற்குள் பாதிச் சரக்கு வீணாகிவிடும். அதைக் கேட்டுவிடுவார்களோ என்றுதான் பயம்.

நேர்முகத்துக்குக் கிளம்பிய அன்று வேலி வாசலில் காவல் செல்லன் மாமா. காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போகக்கூடாதென்று, வெளியே போகும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்கள். மாமா மாதிரியைக் குலுக்கினார். காய்ந்த கொட்டைகள் கடகடத்தன.

“உள்ள அரிசியா புள்ள?”

“வெறும் ரப்பர் கொட்டை மாமா! இழுக்காதீங்க!”

“ரூல் ரூல்தான் லா.”

சரியாகக் காயாத நடு வளையம் மூன்றாகப் பிய்ந்தது.

பஸ்ஸில் அத்தை அழுதார், மாமாவை வாயாரத் திட்டினார். பிறகு மடியில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கை, நடு வளையத்தின் இரண்டு கொட்டைகள். மூன்றும் ஒரே மாதிரி. கல்லூரியில் எப்போதோ படித்தது சட்டென்று நினைவுக்கு வந்தது.

நேர்முகத்தில், சரக்கு வீணாகுமே என்று அவர் பயந்த கேள்வியையே கேட்டார்கள். அத்தை மூன்று துண்டுகளையும் மேசையில் வைத்தார். “நடு வளையத்தை முதலில் செய்யவே வேண்டாம். ஒரே மூலக்கூறு மூன்றை அமிலத்தோடு சூடாக்கினால், ஆளுக்குக் கொஞ்சம் நீரை விட்டுவிட்டு அவையே கைகோத்துக்கொள்ளும். நடு வளையம் தானாக உருவாகும்.”

வேலை கிடைத்தது. அத்தை ஓய்வுபெறும்வரை அந்த மூன்று துண்டு நட்சத்திரம் அவர் மேசையில் இருந்தது. புதிதாக வருபவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி விளக்குவார். செல்லன் மாமாவின் பெயரைச் சொல்லாமல் ஒருநாளும் ஆரம்பித்ததில்லை.