வேப்பஞ்சேலை யாருக்கு?

நாற்பத்திரண்டு வயதில் முதல் குழந்தை. மகள் கொட்டாவி விட்டாலே பயப்படுகிறவள் நான். அன்று காலை பால் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்டினேன். கக்கினாள். பால் இளஞ்சிவப்பாக இருந்தது. ரத்தம்.

நான் போட்ட கூச்சலில், காக்களூர் கம்பெனிக்குக் கிளம்பிய கணவர் ஹெல்மெட்டோடு உள்ளே ஓடிவந்தார். மணவாள நகரிலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். ஹெல்மெட்டைக் கழற்ற அவருக்குத் தோன்றவில்லை.

"பெரியபாளையத்தம்மா! கொயந்தைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. என் பொண்டாட்டி வேப்பஞ்சேல கட்டிக்கினு உன் கோயிலச் சுத்துவா!" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

வேப்பிலைக் கொத்துகளையே சேலையாக உடுத்தி வலம் வருவது அங்கே நேர்த்திக்கடன். நான் மறுக்கவில்லை. முள்ளைக் கட்டச் சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன்.

டாக்டரம்மா குழந்தையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பால் குடுக்கும்போது வலிக்குதா?"

"உயிர் போவுது. எல்லாருக்கும் அப்டித்தானே?"

காட்டினேன். காம்பு இரண்டும் வெடித்து, ஒன்றில் ரத்தம் கசிந்திருந்தது.

"இது உங்க ரத்தம்மா. பாலோட குடிச்சதத்தான் கக்கியிருக்கா. புள்ள நல்லா இருக்கா."

"என்னுதா? என்னுதுதானா?" லாட்டரி விழுந்தவள் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தன.

மகள் காம்பை மட்டும் கவ்விக் குடித்ததால் வந்த வெடிப்பாம். அவள் வாயை அகலத் திறந்ததும், காம்பைச் சுற்றிய கருவட்டமும் உள்ளே போகும்படி அணைக்கச் சொன்னார். குடித்ததும் சொட்டுப் பாலைத் தடவிக் காற்றாட விட்டால் போதும், சோப்பு வேண்டாம் என்றார். அங்கேயே மகளை என் மார்பில் பிடித்துக் காட்டினார். பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். இழுத்தது; குத்தவில்லை.

வெளியே வந்ததும் கணவர், "ஞாயித்துக்கெயம பெரியபாளையம் போலாமா? வேண்டிக்கினேனே" என்றார்.

"இங்க வெடிச்சுக் கெடக்குது, அதுமேல வேப்பிலையா? வேண்டிக்கினது நீ. நீயே கட்டிக்க."

"கம்பெனி ஆளுங்க யாருனா பாத்துட்டா?"

"ஹெல்மெட் போட்டுக்க."

காயம் ஆறிய பிறகு போனோம். அவரே வேப்பிலை கட்டிக்கொண்டு வலம் வந்தார். இலைக்குள் எறும்பு இருந்திருக்க வேண்டும். பக்தியைத் தாண்டிய ஒரு துள்ளல் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் நிழலில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு, மகளைத் தோளில் போட்டுத் தட்டினேன். கக்கினாள். சிரிப்பு சட்டென்று நின்றது. முந்தானையைப் பிரித்துப் பார்த்தேன்.

வெள்ளை. வெள்ளையேதான்.