மாடி அறைக் குளிரும் வெண்ணிலாவும்

ஏசி இல்லாமல் ஒருநாள் இருக்கமாட்டாள், ஏசி மாட்ட வந்தவனோடு பேச்சு வைத்துக்கொண்டாள், அதனால்தான் புருஷன் வீட்டை விட்டுப் போனாள் என்று குப்பம்மாள் குழாயடியில் சொல்லிக்கொண்டு திரிவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்தவளுக்கு என்ன தெரியும்? நான் அந்த வீட்டுக்குள்ளேயே கிடப்பவள். போனவள் என் பேரன் பெண்டாட்டி. பேரன் வல்லரசு என் ரத்தம், வெண்ணிலா விழுப்புரம் பக்கத்துக் கெடாரில் இருந்து வந்த பெண். இருந்தாலும் நான் அவள் பக்கம்தான் பேசுவேன். இதனால் என் மருமகள், வல்லரசின் அம்மா கெங்கம்மாள் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

அவளுக்கா ஏசி ஆசை? கெடாருக்குப் போய் அவள் அப்பன் விருத்தாசலத்தின் வீட்டைப் பாருங்கள். சீமை ஓட்டுக் கூரை, கடகடவென்று சுற்றும் ஒரே ஒரு ஃபேன். மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பிடுங்குகிற நாளில் அப்பனோடு வெயிலில் குனிந்து நின்ற பெண் அது. விழுப்புரத்தில் காலேஜ் படித்தபோதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவாளாம். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு உரக்கடையில் பில் போடுகிற வேலைக்குப் போனாள். சத்தமாகச் சிரிப்பாள். சண்டை வந்தாலும் சத்தமாகத்தான் போடுவாள். மறைத்துப் பேசத் தெரியாது.

பெண் பார்க்கப் போனபோது நானும் போயிருந்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கு அனுப்பமாட்டோம் என்று கெங்கம்மாள் சொன்னாள். பெண் தலையைக் குனியவில்லை. "அத அவரு சொல்லட்டும்" என்றாள். வல்லரசு பல்லைக் காட்டிச் சிரித்தான். அவள் அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு வாழ வந்தாள். வந்த பிறகு வேலைப் பேச்சை எடுத்தபோதெல்லாம் அவன் அதே சிரிப்பைத்தான் சிரித்தான்.

அப்புறம் அவன் போலந்துக்குப் போய்விட்டான். அங்கே ஏதோ பெரிய கிடங்கில் வேலை. வெண்ணிலா பிரசவத்துக்குக் கெடாருக்குப் போனாள், பெண்குழந்தை பிறந்தது. அவள் அங்கே இருந்த நாளில்தான் இங்கே மாடியறையில் ஏசி மாட்டினார்கள். ஊருக்கு வந்த சிநேகிதன் கையில் வல்லரசு ஒரு சாமானும் கொடுத்தனுப்பியிருந்தான். தெர்மோஸ்டாட் என்று பேர். எங்கள் வாயில் அது டப்பாதான். போலந்தில் குளிருக்கு அறையைச் சூடாக்க வைப்பார்களாம், இவன் சூட்டுக்கு அறையைக் குளிராக்க அனுப்பினான். இரண்டையும் அது பார்த்துக்கொள்ளுமாம்.

மாட்ட வந்தவன் விழுப்புரத்துப் பையன் சக்கரபாணி. அந்தச் சாமானில் இரண்டு பாகம். ஒரு பெட்டியை மாடியில் ஏசிக்குப் பக்கத்தில் வயர் கொடுத்துச் சுவரில் பொருத்தினான். உள்ளங்கை அகலத்தில் இன்னொரு டப்பா, வெள்ளையாக, பேட்டரி போட்டது. அதற்கு வயர் கிடையாது. இரண்டிலும் பொத்தானை அழுத்திப் பிடித்தான். பச்சை விளக்கு கண் சிமிட்ட, ஒன்றை ஒன்று தெரிந்துகொண்டன. இருபத்தாறு என்று எண் வைத்தான். அறை அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் வயர் இல்லாத டப்பா சொல்லும், ஏசி தானாக நிற்கும். வல்லரசின் போனிலும் எல்லாம் தெரியும்.

போவதற்கு முன்னால் கெங்கம்மாளிடம் தெளிவாகச் சொன்னான், நான் பக்கத்தில்தான் இருந்தேன். "அம்மா, இது தான் இருக்கிற எடத்தோட சூட்டைத்தான் பாக்கும். கொழந்த படுக்கிற ரூம்லயே நெஞ்சு ஒசரத்துல வையுங்க. அடுப்பாண்ட, வெளக்காண்ட வச்சிடாதீங்க."

அவள் தலையை ஆட்டினாள். அவன் பைக் தெருமுனை தாண்டியதும் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ச் சமையல்கட்டில் இருக்கிற பூசை மாடத்தில் வைத்தாள். நெற்றியில் இடுகிற மாதிரி அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மாடியில் வைக்கச் சொன்னானே என்று கேட்டேன்.

"வயரே கெடையாது, எங்க இருந்தா என்னா அத்தை? புள்ள அனுப்பிச்ச பொருளு. கண்டவ கைபட்டு ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

மறுநாளும் கேட்டேன். வாயை மூடு என்றாள். ஏசி ரிமோட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். குளிர் வெளியே போகக் கூடாதென்று மாடி ஜன்னலைக் கண்ணாடி வைத்து அடைத்திருந்தார்கள்.

கத்திரி வெயில் சமயத்தில் வெண்ணிலா கைக்குழந்தையோடு வந்தாள். பூசை மாடத்து டப்பாவை இன்டர்நெட் பெட்டி என்று நினைத்துக்கொண்டாள். யாரும் அவளுக்கு விவரம் சொல்லவில்லை, எனக்கும் அப்போது அது தோன்றவில்லை.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், அவள் மாடியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழந்தையைச் சுற்றி இரண்டு போர்வை. ஏசி நிற்கவே நிற்காது. ஸ்விட்சை அணைத்தால் அடைத்த ஜன்னலோடு அறை அடுப்பாகிவிடும், போலந்தில் இருந்து உடனே போன் வரும், எதற்கு அணைத்தாய் என்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே என் பக்கத்தில் வந்து படுத்தால், பிள்ளை இவ்வளவு செலவு பண்ணிச் செய்து கொடுத்த அறை அவளுக்குக் கசக்கிறதா என்று கெங்கம்மாள் ஆரம்பித்துவிடுவாள். குழந்தைக்குச் சளி கட்டி நெஞ்சு கர் கர் என்றது. குளிரில் வைக்காதே என்று டாக்டர் சொல்லியனுப்பினார். குளிரு கேட்டதே அவள்தான் என்று கெங்கம்மாள் தெருவெல்லாம் சொன்னாள்.

வெண்ணிலா புருஷனிடம் சொல்லாமல் இல்லை. ரூம் ஐஸாக இருக்கிறது, என்னவென்று பாருங்கள் என்று தினமும் சொன்னாள். அவன் போனில் என்ன தெரியும்? சமையல்கட்டுச் சூடுதான் தெரியும். அறை முப்பத்துமூன்றில் இருக்கிறது, ஏசி நாள் முழுக்க ஓடுகிறது, எண் இறங்கவே இல்லை. பெண்டாட்டி ஐஸ் என்கிறாள், போன் அனல் என்கிறது. அவன் போனைத்தான் நம்பினான்.

"பொய் சொல்லாத. கதவத் தொறந்து போட்டுட்டு நீ எங்க போய்க்கினு இருக்கே?"

இதை ஸ்பீக்கரில் நானே கேட்டேன். மாடியில் விறைத்துக்கொண்டு கிடப்பவளைப் பார்த்து, நீ மாடியிலேயே இல்லை என்றான். எங்கும் போகவில்லை என்று அவள் சத்தியம் பண்ணினாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அன்றைக்குப் போனதுதான். அதற்குப் பிறகு அவள் குளிரைப் பற்றி என்னிடம் புலம்பவில்லை. அவரு என்னை நம்பணும் ஆயா, அது போதும் என்று மட்டும் சொல்வாள்.

மாடிச் சுவரில் இருந்த பெட்டியில் சக்கரபாணியின் நம்பர் ஒட்டியிருந்தது. அவளே போன் போட்டாள். மறுநாள் மதியத்துக்கு முன்னால் வந்தான். முட்டிவலியோடு நான் படியேறிப் போய் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். "ரூம்ல இருக்க வேண்டிய டப்பா எங்கக்கா?" என்றான். அவள் விழித்தாள். பூசை மாடத்தில் இருக்கிறதப்பா என்று நான் சொன்னேன்.

அவன் ஓடிப்போய் எடுத்து வந்தான். காற்றுப் போகிற துளையில் குங்குமம் அடைத்திருந்தது. துணியால் துடைத்து, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் வைத்தான். இத்தனை நாளாக இது அடுப்படிச் சூட்டைப் பார்த்துச் சொல்ல, மேலே ஏசி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது என்றான். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஏசி தானாக நின்றது. வெண்ணிலா பழையபடி சத்தமாகச் சிரித்தாள். குப்பம்மாளுக்குக் கேட்ட சிரிப்பு அதுதான். வாசலில் பைக்கையும் மாடியில் சிரிப்பையும் வைத்து அவள் ஒரு கதை கட்டினாள். அது சாயங்காலத்துக்குள் கெங்கம்மாள் வழியாகப் போலந்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வெண்ணிலாவுக்கு அது தெரியாது. குழந்தைக்குப் பவுடர் போட்டு, அவளும் தலைவாரிக்கொண்டு, வீடியோ காலுக்குக் காத்திருந்தாள். இனிமேல் அவருக்குப் புரிந்துவிடும் என்று என்னிடம் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போன் வந்தது. டப்பாவைக் காட்டினாள், பூசை மாடத்தைக் காட்டினாள், துடைத்த துணியில் இருந்த குங்குமத்தையும் காட்டினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"செரி. டப்பாவ அம்மாகிட்டயே குடுத்துடு. எது எவ்ளோ இருக்கணும்னு நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்."

"அப்ப நான் இத்தன நாளு சொன்னது?"

"அவன் மாடில எவ்ளோ நேரம் இருந்தான்?"

நான் போனைப் பிடுங்கினேன். "டேய் வல்லரசு, நான் அந்தக் கட்டில்லதான்டா ஒக்காந்திருந்தேன்" என்றேன். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு ஆயா என்றான். அவனைத் தோளில் போட்டு வளர்த்தவள் நான்.

வெண்ணிலா என் கையில் இருந்து போனை மெதுவாக வாங்கினாள். அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "நான் சொல்றத நம்பறீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"போனப் பாத்தா எனக்கு எல்லாம் தெரியுது. நீ எதுக்குச் சொல்லணும்?"

அவள் போனை வைத்துவிட்டாள். அழவில்லை. இரண்டு வாய் கேப்பைக் களி தின்றுவிட்டுக் குழந்தையோடு என் பக்கத்தில் படுத்தாள்.

விடிந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டினாள். குழந்தைத் துணிகளையும் தன் காலேஜ் சர்டிபிகேட்டையும் ஒரு பையில் வைத்தாள். தாலிக்கு மேலே எங்கள் வீட்டில் போட்ட சங்கிலியைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்தாள். கெங்கம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். தெருவே பார்க்கிறது, கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல என்றாள்.

"நானாத்தான் போனேன்னு சொல்லுங்க அத்தை. யாரும் தொரத்தல."

நீங்களும் வாங்க ஆயா என்று என் கையைப் பிடித்தாள். நான் வரவில்லை. நானும் போய்விட்டால் இந்த வீட்டில் நடந்ததை நடந்தபடி சொல்ல யார் இருப்பார்கள்? நீ போ என்றேன். குழந்தை தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, விழுப்புரம் பஸ்ஸுக்கு வெயிலில் இறங்கினாள். குப்பம்மாள் வாசலில்தான் நின்றாள். அவள் முன்னாலேயே வெண்ணிலா நிதானமாக நடந்து போனாள்.

உள்ளே போன் அடித்தது. அவள் போய்விட்டாள் என்று கெங்கம்மாள் மகனிடம் சொன்னாள். அவன் என்ன கேட்டானோ தெரியாது. கெங்கம்மாள் வாசல்வரை வந்து தெருவைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தனியாத்தாண்டா போறா."