நிறை பார்த்த நேசம் மிஸ்ஸி

சித்தாண்டியிலிருந்து தம்பி ஃபோன் எடுத்தான். “அக்கா, நேசம் மிஸ்ஸி மோசம் போயிட்டாவாம். நெஞ்சு நோவு வந்து உயிர் போயிட்டுதாம்.” யுத்தம் முடிந்துவிட்டது, இனியாவது அவர் பழுகாமத்து வீட்டில் ஆறுதலாக இருப்பார் என்று நினைத்திருந்தோம்.

எங்கள் கரையில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் அவர்தான் மருத்துவமாது. அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அந்தக் குரலில் அடிபட்டவர்களில் நானும் ஒருத்தி.

சுனாமிக்குப் பிறகு பாடசாலை முகாமில் இருந்தோம். எனக்குத் தலைப்பிள்ளை, ஆறாம் மாதம். நான் எப்போதுமே பருத்த உடம்புக்காரி. சனமெல்லாம் வற்றிப்போய்க் கிடந்த இடத்தில் என் உடம்பு மட்டும் ஊதிக்கொண்டு போனது. போதாக்குறைக்கு, நிவாரணச் சாமான்களைப் பங்கிடுகிறவர் என் கணவர். ஒருநாள் சாமானுக்குச் சனம் வரிசையில் நிற்க, பக்கத்து மரத்தடியில் மிஸ்ஸி என்னை நிறை மெஷினில் ஏற்றினார். “என்னகா புள்ள இது! ஊரெல்லாம் பசி, நீ மட்டும் என்னத்தத் தின்னுறாய்?” வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் திரும்பி என் கணவரைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து பிறர் பார்க்க நான் சோறு தின்னவில்லை. சோறு தின்றால்தானே ஊர் பார்க்கும்? பாய்க்குக் கீழே ஒளித்துவைத்த நிவாரண பிஸ்கட்டும், சீனி அள்ளிப் போட்ட பிளேன்டீயும்தான் சாப்பாடு. பட்டினி கிடப்பதாகவே நினைத்துக்கொண்டேன். கிளினிக் பக்கமும் தலைகாட்டவில்லை.

மிஸ்ஸியே தேடி வந்தார். என் காய்ந்த உதட்டையும், நான் ஓயாமல் தண்ணீர் குடிப்பதையும் பார்த்தவர், கையோடு பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். இரத்தத்தில் சீனி ஏறிக் கிடந்தது. இப்படியே விட்டிருந்தால் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்திருக்கலாம் என்றார் டொக்டர். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து மிஸ்ஸி அழுதார். “உடம்பத்தான் பார்த்தன். உன்னப் பார்க்கல்ல, புள்ள.”

முகாமுக்குத் திரும்பிய மறுநாள் அதே வரிசை. மிஸ்ஸி நடுவில் போய் நின்றார். “எல்லாரும் கேளுங்கோ. அண்டைக்கு நான் பேசினது பிழை. இவள் களவாத் தின்னல்ல. இவளுக்கு வயித்துப் புள்ளையோட வந்த சீனி வருத்தம். இவள்ர புருசனுக்குப் பழி வாங்கிக் குடுத்தது என்ர வாய்.”

நல்ல மனத்தோடுதான் சொன்னார். எனக்கோ முன்பு இருந்தது ஒரு வெட்கம், இப்போது வருத்தமும் ஊருக்குத் தெரிந்து இரண்டாகிவிட்டது. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு நின்றேன். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி வரிசையிலிருந்து கேட்டாள்: “அப்ப இவளுக்கு என்னத்தக் குடுக்கலாம், மிஸ்ஸி?” அதன்பிறகு எனக்கு மீனும் கீரையும், அளவான சோறும் அவளுடைய அடுப்பிலிருந்துதான் வந்தன. அதையும் வெட்கப்பட்டுக்கொண்டே தின்றேன். மகள் சுகமாகப் பிறந்தாள்.

இப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். ஓயாத தாகத்தைப் பார்த்தால் சீனியும் திரும்பி வந்திருக்கிறது. போன மாதம் சந்தையில் மிஸ்ஸியைக் கண்டபோது, இந்த உடம்போடு கிளினிக்குக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று சொன்னேன். சந்தையே திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னார்: “வெக்கமெண்டா வெக்கத்தோட போ. போகாம மட்டும் இருந்திராத.”

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பேச்சுத்தான். நாளைக்குக் கிளினிக். யார் என்ன சொல்வார்களோ என்று இப்போதே உடம்பு கூசுகிறது. போவேன்.