வெண்டல் ஸ்கோக்கின் சிவப்பு பிரேக்குகள்

வெண்டல் ஸ்கோக்கிடம் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பிக்கு நிற்பவர்களிடம், அந்தக் காப்பி எந்திரம் எந்தக் குழாய் அடைத்துச் சாகப்போகிறது என்று விளக்குவார். பனி தள்ளும் எந்திரம் வாங்கி வந்தவனை நடுத்தெருவில் நிறுத்தி, அவன் வாங்கியிருக்க வேண்டியது எது என்று சொல்லி அனுப்புவார். சாலைத் துறை ஊழியர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது அவர் உத்தியோகம். மினசோட்டாவின் டுலூத் நகரில் அவர் வகுப்பில் தூங்காத சாலைப் பணியாளர் இல்லை.

ஊர் சரியாகக் காது கொடுக்காததால் அவர் இணையத்துக்குப் போனார். பழைய கார் பைத்தியங்கள் கூடும் ஒரு மன்றம் அது. அங்கே அவர் பெயர் ‘பிரேக் பிஷப்.’ பெயருக்குப் பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம், ‘மூத்த ஆலோசகர்’ என்ற பட்டம். முகத்துக்குப் பதிலாக, தன் கராஜ் சுவரில் தொங்கும் பாடம் செய்த மீனுக்கு மஞ்சள் ஹெல்மெட் மாட்டிப் படம் வைத்திருந்தார். யாராவது பாவப்பட்டவன் “பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, என்ன செய்யலாம்?” என்று கேட்டால், பிஷப்பின் பதில் எப்போதும் ஒன்றுதான்: “முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.”

அவருடைய கார், மேல்கூரையை மடக்கக்கூடிய பழைய பச்சை நிற வண்டி. கோடையில் ஐஸ்கிரீம் கடைக்குப் போய்வரும். வேறு வேலை அதற்குக் கிடையாது. இருந்த பிரேக்கே நன்றாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் பந்தயக் கார்களுக்குப் போடுகிற பெரிய டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் சிவப்பு கேலிப்பர்களும்தான் மன்றத்தில் இப்போது எங்கும் பேச்சு. ஒரு பிஷப் சாதாரண பிரேக்கோடு எப்படி நடமாடுவது?

பெட்டிகள் வந்தன. ஒரு சனிக்கிழமை முழுக்க வெண்டல் கராஜில் கிடந்தார். கூடவே வந்த விளக்கத்தாளை எண்ணெய் படாமல் இருக்கட்டும் என்று பிரிக்காமலே அலமாரியில் வைத்தார். மாலையில் சக்கரங்களை மாட்டி, கம்பிகளின் இடுக்கில் சிவப்பு மின்னுவதைப் படமெடுத்து மன்றத்தில் போட்டார். “மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காப்பிக்கும் நடுவில் முடிந்துவிட்டது.” பாராட்டு மழை கொட்டியது. அதையெல்லாம் படித்து முடித்த பிறகுதான் காரில் ஏறிப் பெடலை மிதித்துப் பார்த்தார்.

பெடல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

“புதுசு. பழகணும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியைப் பின்சந்தில் இறக்கினார். டுலூத்தில் சமதளமாகச் சந்து கிடையாது. வண்டி மெதுவாக, மிகுந்த மரியாதையோடு, பக்கத்து வீட்டு டெல்மர் ஓயாலாவின் தோட்டத்தை நோக்கி நகர்ந்தது. வெண்டல் மிதித்தார், மீண்டும் மிதித்தார், பிறகு கைபிரேக்கை இரண்டு கையாலும் பிடுங்குவதுபோல இழுத்தார். முன்சக்கரங்கள் ருபார்ப் செடிப் பாத்திக்குள் இறங்கி நின்றன.

தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி டெல்மர் நிதானமாக வந்தார்.

“பரவால்லப்பா வெண்டல். ருபார்ப் இந்த வருஷம் எப்படியும் ஜாஸ்திதான்.” நசுங்கிய தண்டுகளைச் சற்று நேரம் பார்த்தார். “புது பிரேக்கா?”

“ஆமா. பந்தயக் காருக்குப் போடறது.”

“ம்ம்… வித்தியாசமா இருக்கு,” என்றார் டெல்மர்.

மினசோட்டாவில் ஒரு மனிதன் இன்னொருவனை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. வெண்டலுக்குக் காது சிவந்தது.

ஏர் எடுக்க வேண்டும், குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினால் போதும், அவ்வளவுதான் என்று முடிவு செய்தார். அதற்கு உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். பல் மருத்துவரின் வரவேற்பறையில் நாளெல்லாம் அடுத்தவர் புலம்பலைக் கேட்டுவிட்டு வரும் மனைவி மார்லிஸ் அகப்பட்டாள்.

“அமுக்கு!” என்றார் வண்டிக்கு அடியிலிருந்து.

“அமுக்கிட்டேன்.”

“பிடிச்சுக்கோ… இப்ப விடு!”

“விட்டுட்டேன். எத்தனை தடவை வெண்டல்? எனக்குக் கெண்டைக்காலு இழுக்குது.”

“நீ ஒழுங்கா அமுக்கல. ஒரே சீரா அமுக்கணும். உன் கால்லதான் கோளாறு.”

மார்லிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு இன்னும் சீராக அமுக்கினாள். குழாயில் நல்ல சுத்தமான எண்ணெய் வந்தது, ஒரு குமிழிகூட இல்லை. பெடல் மட்டும் பஞ்சுபோலவே இருந்தது.

அடுத்து வந்த விடுமுறை நாட்களில் வெண்டல் குற்றவாளியைத் தேடி அலைந்தார். பிரேக் ஆயில் மட்டமானது என்று வேறு ஆயில் மாற்றினார். எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் கிழடு என்று புதிது போட்டார். ரப்பர் குழாய் உப்புகிறது என்று எஃகு வலை சுற்றிய குழாய் வாங்கினார். கார் முழுக்க ஒவ்வொன்றாகக் குற்றம் சுமத்தப்பட்டுக் கழற்றப்பட்டது. தன் கையால் மாட்டிய கேலிப்பரை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை.

கடைசியில் மன்றத்தில் கேட்பதைத் தவிர வழியில்லை. ஆனால் பிஷப் போய்ப் பாவமன்னிப்புக் கேட்க முடியுமா? எனவே ‘புதுமுகம்’ என்ற பெயரில் இன்னொரு கணக்குத் திறந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, பணிவாக எழுதினார்: “வணக்கம். எனக்கு ஒண்ணும் தெரியாது. பிரேக் மாத்தினேன், பெடல் தரைக்குப் போகுது. உதவி பண்ணுங்க.”

உடனே பதில்கள் குவிந்தன. எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் வழி காட்டினார்கள்: “பிரேக் பிஷப் எழுதியதைப் படி.” வெண்டல் அதைத் திறந்து படித்தார். அவரே எழுதியது. ‘பெடல் தரையைத் தொட்டால் கோளாறு பிரேக்கில் இல்லை, மாட்டியவன் மண்டையில்’ என்று ஆரம்பித்தது. அதற்குக் கீழே தேடிப் பார்த்தார், உபயோகமான ஒரு வரிகூட இல்லை. எழுதியவன் யாரென்று தெரிந்திருந்தும் அவருக்குக் கோபம் வந்தது.

பிறகு கனடாவின் சஸ்காட்சுவானிலிருந்து பெர்னெட் என்ற பெண் எழுதினாள். அவள் அறுவடை எந்திரங்கள் பழுது பார்ப்பவள். “தம்பி, சக்கரத்தைக் கழட்டிட்டு ஒரு போட்டோ போடு.”

தம்பிக்கு வயது ஐம்பத்தெட்டு. படமெடுத்துப் போட்டார்.

“தம்பி, ஏர் எடுக்கற நிப்பிள் தரையைப் பாத்துக்கிட்டு இருக்கு பாரு. காத்து மேலதானே போய் நிக்கும்? நீ கீழ திறந்தா எண்ணெய்தான் வரும், காத்து உள்ளயே குடித்தனம் பண்ணும். இடது கேலிப்பரை வலதுல மாட்டிருக்கே, வலதை இடதுல. மாத்திப் போடு, நிப்பிள் மேல வந்துரும். எல்லாருக்கும் நடக்கறதுதான், மனசுல வெச்சுக்காதே.”

வெண்டல் நன்றி சொல்லிவிட்டு நழுவப் பார்த்தார். ஆனால் அதற்குள் வேறு யாரோ கீழே எழுதிவிட்டார்கள்: “பின்னாடி சுவத்துல ஒரு மீன் ஹெல்மெட் போட்டுக்கிட்டு இருக்கே. இவரை எங்கியோ பாத்திருக்கேனே?”

மன்றம் ஹெல்மெட் மீனை அடையாளம் கண்டுகொண்டது. பிறகு ஆஸ்திரேலியாவரைக்கும் சிரித்தார்கள்.

மடிக்கணினியைப் படீரென்று மூடினார். திரும்பினால், துணி மடித்துக்கொண்டே மார்லிஸ் பின்னால் நின்றிருந்தாள்.

“என் கால்லதான் கோளாறுன்னு சொன்னியே?”

“பொதுவா சொன்னேன்.”

“சரி. செருப்பு போட்டுக்கிட்டு வரட்டுமா, இல்ல வெறுங்காலோட அமுக்கணுமா?”

இடது வலதாயிற்று, வலது இடதாயிற்று. மார்லிஸ் அமுக்க, நிப்பிளைத் திறந்ததும் காற்று புஸ்ஸென்று சீறிக் குமிழ் குமிழாக வந்தது. மெல்ல மெல்லப் பெடல் மேலே எழுந்து, கல்போல நின்றது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த வெண்டலுக்கு, யாரும் பார்க்காததால், கண் லேசாகக் கலங்கியது. “வந்துருச்சு மார்லிஸ்!” என்று கத்தினார்.

அந்த நெகிழ்ச்சி கை கழுவும்வரை இருந்தது. பிறகு பிஷப் தன் பழைய கணக்கிலேயே மன்றத்துக்குப் போய், உறுப்பினர்களின் அடிப்படை அறிவைச் சோதிக்கவே வேண்டுமென்று பிழையாக மாட்டியதாகவும், முடிவுகள் ஓரளவு திருப்தி அளிப்பதாகவும் நீளமாக எழுதினார்.

“ஐயா, பரீட்சையில நான் பாஸா?” என்று கேட்டாள் பெர்னெட்.

அதற்கு மட்டும் அவர் பதில் எழுதவில்லை. கேட்காமலே சொல்லும் மூத்த ஆலோசகர், கேட்டும் சும்மா இருந்தது மன்ற வரலாற்றில் அதுவே முதல்முறை.

மறுநாள் ஏரிக்கரைக்குப் போவதென்று முடிவாயிற்று. சாவியை மார்லிஸ் எடுத்துக்கொண்டாள். மலைத்தெரு ஏரியை நோக்கிச் செங்குத்தாக விழுந்தது. ஒவ்வொரு முச்சந்தியிலும் அவள் காலைப் பட்டும் படாமலும் வைக்க, வண்டி ஒரு கனைப்புகூட இல்லாமல் நின்றது. பக்கத்து இருக்கையில் வெண்டல் வலது காலால் வெறும் தரைவிரிப்பை மிதித்து மிதித்து நசுக்கிக்கொண்டே வந்தார்.

“மெதுவா, மார்லிஸ். இந்தத் திருப்பத்துல முன்னாடியே அமுக்கணும்.”

“வாயை மூடிக்கிட்டு ஏரியைப் பாரு, வெண்டல்.”

அவர் ஏரியைப் பார்த்தார். தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் துறைமுகத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் மாலுமி திருப்புகிற கோணம் தப்பு என்று அவருக்குத் தோன்றியது.